கம்பளி கடிக்கும் உடம்பு

எங்கள் ஸ்கார்டால் பள்ளத்தாக்கில் குழாய் வேலை என்றால் ஓட்வார்தான். குளிர்காலத்தில் யார் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தாலும், பனி மூடிய பாதையில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்துவிடுவான். என் வீட்டு நிலவறையிலும் பலமுறை மண்டியிட்டு வேலை செய்திருக்கிறான். ஒரு கையில் குறடு இருக்கும். இன்னொரு கை கழுத்துப்பட்டைக்குள் போய்ச் சொறிந்துகொண்டே இருக்கும். அது அவனுடைய கைப்பழக்கம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

உண்மையில் கம்பளி அவன் உடம்புக்கு ஆகாது. நார்வேக்காரன் ஒருவன் வெளியே சொல்லிக்கொள்ளும் விஷயமா அது? இங்கே குழந்தை நடக்கப் பழகும்போதே காலில் பனிச்சறுக்குக்கட்டையைக் கட்டிவிடுவார்கள். அதற்கும் முன்பே தோலை ஒட்டிக் கம்பளி உள்சட்டையைப் போட்டுவிடுவார்கள். ஓட்வாருக்கு அவன் அம்மா பின்னிய உள்சட்டையைப் போட்டால் அரை மணி நேரத்தில் மார்பெல்லாம் சிவந்து தடித்துவிடும். பள்ளிக்கூடத்தில் மலைக்குக் கூட்டிப்போன ஒரு நாள், எரிச்சல் தாங்காமல் மரத்துக்குப் பின்னால் போய்ச் சட்டையைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் திணித்தான். பையன்கள் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை அவனுக்குப் பெயர் 'பட்டு இளவரசி'.

அவன் அழவில்லை, சண்டையும் போடவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தான். உள்ளே மெல்லிய பருத்தி பனியன், அதற்கு மேல் கம்பளி, கழுத்துவரை பொத்தான். யாருக்கும் தெரியாது. கல்யாணமான பிறகும் அதேதான். கிறிஸ்துமஸ்தோறும் மனைவி இங்குன் அவனுக்குப் புதுக் கம்பளி உள்ளாடை ஒரு ஜோடி வாங்கித் தருவாள். "அருமையா இருக்கு" என்று சொல்லி வாங்கிக்கொள்வான். பனியன்களைத் தன் பட்டறையிலேயே துவைத்து, கொதிகலன் குழாய்மேல் காயப்போட்டு எடுத்துக்கொள்வான்.

ஊருக்குள் குழாய் வேலை செய்யும்வரை இதில் ஆபத்தில்லை. மலைமேல் அப்படியில்லை. ஓட்வார் வழிக்குறி நடும் குழுவிலும் இருந்தான். ஈஸ்டர் விடுமுறைக்கு ஊரே மலைக்குடில்களை நோக்கிச் சறுக்கிக்கொண்டு போகும். அதற்கு முன்பாக யாராவது போய், ஒரு குடிலிலிருந்து அடுத்த குடில்வரை பிர்ச் மரக்குச்சிகளை வரிசையாகப் பனியில் ஊன்றி வைக்க வேண்டும். பனிப்புயலில் கண் தெரியாமல் போனால் அந்தக் குச்சிகளைப் பிடித்துக்கொண்டுதான் மனிதர்கள் உயிரோடு வந்து சேருவார்கள். மான் கூட்டங்கள் திரியும் மேட்டுப் பகுதியில் மோட்டார் வண்டி போகக் கூடாது. குச்சிக் கட்டுகளைச் சறுக்குவண்டியில் ஏற்றி, தோளிலும் இடுப்பிலும் வார் மாட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அதற்குச் சம்பளம் கிடையாது. ஓட்வாருக்கு அந்த வேலைமேல் அப்படியொரு ஆசை. நிலவறைகளுக்குள்ளேயே குனிந்து கிடப்பவன், வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் நிமிர்ந்து நடப்பான்.

அவனுக்கு ஜோடியாகப் போவது துர்டிஸ். அறுபதைத் தாண்டிய, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, வாய் சும்மா இருக்காத அம்மாள்.

அந்த மார்ச் காலையில் வானம் தெளிவாக இருந்தது. மேட்டில் ஏறும்போது காற்றே இல்லை. குச்சிக் கட்டுகள் அன்று கனத்தன. ஓட்வார் மேலாடையைத் திறந்துவிட்டுக்கொண்டு இழுத்தான். முகத்திலிருந்து ஆவி பறந்தது.

"மெதுவாடா! குச்சி நடப் போறோமா, இல்ல ஒலிம்பிக்குக்கா?" என்று பின்னாலிருந்து துர்டிஸ் கத்தினார்.

"நீ வயசானவ, நீ மெதுவா வா."

"வயசானவளா? உச்சியில பாக்கலாம் யாரு நாக்கத் தள்ளுறாங்கன்னு."

உச்சிக்கு வந்தபோது அவன் பனியன் பிழிந்தால் ஊற்றும் அளவுக்கு நனைந்திருந்தது. வழக்கமாக அங்கே உட்கார்ந்து காபி குடிப்பார்கள். அன்று உட்கார நேரமில்லை. மேற்கே அடிவானம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. துர்டிஸ் ஒரு பார்வை பார்த்தார்.

"வானிலைக்காரன் நாளைக்குன்னு சொன்னான். இது இன்னைக்கே வந்துருச்சு. வா, ஏரியத் தாண்டிட்டா குடிலு வந்துரும்."

உறைந்த ஏரிக்கு நடுவே இருந்தபோது காற்று அவர்களைப் பிடித்தது. கொஞ்ச நேரத்தில் தரையும் வானமும் ஒன்றாகிவிட்டன. தன் சறுக்குக்கட்டையின் நுனிகூடத் தனக்குத் தெரியவில்லை என்று துர்டிஸ் பிறகு என்னிடம் சொன்னார். இருவரும் ஒரு கயிற்றால் தங்களை இணைத்துக்கொண்டார்கள். திசைகாட்டியைப் பார்த்துப் பார்த்து நடக்க வேண்டியிருந்ததால் வேகம் குறைந்துபோனது. ஏறும்போது உடம்பில் ஊறிய வியர்வை இப்போது தன் வேலையைத் தொடங்கியது. பருத்தி ஈரத்தைக் குடித்தால் விடாது. காற்று மேலாடையைத் தாண்டி வராவிட்டாலும், உள்ளே பனியன் ஐஸ் துணியைச் சுற்றிவிட்டது போல ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது.

ஓட்வாருக்குத் தெரியும், நின்று மாற்ற வேண்டும் என்று. பையில் காய்ந்த கம்பளிச் சட்டை இருந்தது. ஆனால் மாற்றினால் துர்டிஸ் பார்ப்பார். அந்தக் காற்றிலும் அவனுக்குக் காதில் கேட்டது 'பட்டு இளவரசி' என்ற பழைய கூச்சல்தான். இன்னும் கொஞ்ச தூரம், குடிலில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தான்.

முதலில் பல் கிட்டித்தது. அப்புறம் கை மரத்தது. ஒரு குச்சியை நடக் கையுறையைக் கழற்றியவன் திரும்பப் போட மறந்துவிட்டான். துர்டிஸ் கயிற்றை இழுத்தார். அவன் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் வெறுங்கையோடு நின்று, காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கையுறை எங்கடா?"

"எதுக்கு? எனக்கு ஒண்ணும் குளிரல."

"நடுக்கம் நின்னுருச்சா உனக்கு?"

"விடு என்ன. சும்மா நச்சரிக்காத. கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்."

அவன் வார்த்தைகள் குடித்தவனுடையது போலக் குழறின. ஓட்வார் யார்மேலும் எரிந்து விழுகிறவன் அல்ல. நடுக்கம் நின்று இப்படிக் குழறினால் உடம்பு குளிரிடம் தோற்கத் தொடங்கிவிட்டது என்று துர்டிஸுக்குத் தெரியும். குடில் பக்கத்தில்தான் இருக்க வேண்டும், ஆனால் இவனை வைத்துக்கொண்டு தேட முடியாது. மண்வெட்டியை எடுத்துப் பனிமேட்டில் குழி வெட்டினார். இடையிடையே அவன் கன்னத்தில் அறைந்து, "தூங்காத! உன் பொண்டாட்டி பேரு என்ன? சொல்லு!" என்று கத்தினார். அவன் ஒவ்வொரு தடவையும் சொன்னான். ஒரு தடவை சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

குழிக்குள் அவனை உருட்டித் தள்ளி, புயலுக்காகக் கொண்டுவந்த, கூடாரம் போன்ற காற்றுத்தடுப்புப் பையை இருவர் மேலும் இழுத்துப் போட்டார். அதற்குள் மூச்சுவிட முடிந்தது, பேச முடிந்தது. அவன் மேலாடையையும் கம்பளிச் சட்டையையும் கழற்றி முதுகைத் தொட்டவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னடா இது? பனியனா? பருத்தி பனியனா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பைத்தியமா உனக்கு? மூணு வயசுக் கொழந்தைக்குத் தெரியுமேடா இது!"

பனியனை இழுத்தால் வரவில்லை. கத்தியால் கிழித்தெடுத்தார். அவன் பையைக் கொட்டினார். அடியில் பிளாஸ்டிக் உறைக்குள், கடை மடிப்புக் கலையாத ஒரு கம்பளி உள்சட்டை இருந்தது. இங்குன் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு. அதை அவன் தலைவழியாக மாட்டிவிட்டு, தன்னுடைய உபரிச் சட்டையையும் அவன் தோளில் சுற்றி, தெர்மாஸிலிருந்த சூடான பழச்சாற்றைச் சொட்டுச் சொட்டாக வாயில் ஊற்றினார். பிறகு அவன் கைகளை இழுத்துத் தன் அக்குளில் வைத்துக்கொண்டார்.

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே காற்று பையை அடித்துக்கொண்டேயிருந்தது. அவன் மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாகவும், ஒரு கட்டத்தில் இங்குனிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டதாகவும் துர்டிஸ் சொன்னார். பிறகு அவன் உடம்பு தூக்கிப்போட்டது. நடுக்கம் திரும்பிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் நெளிந்தான்.

"துர்டிஸ்..."

"சொல்லுடா."

"கடிக்குது."

"எது?"

"சட்ட. கம்பளி. சின்ன வயசுலேருந்தே... தாங்க முடியாது என்னால."

துர்டிஸ் அவனைப் பார்த்தார். சிரிப்பதா அழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "கடிக்கட்டும்," என்றார். "நல்லாக் கடிக்கட்டும். சொறிஞ்சுக்கிட்டே இரு, நிறுத்தாத."

அந்தி மங்கும் நேரத்தில் காற்று தணிந்தது. குடில் அவர்கள் இருந்த குழியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது.

ஓட்வாரின் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் கறுத்துப்போயின. வெட்ட வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னார், ஆனால் உணர்ச்சி திரும்பவில்லை. இங்குன் அவனை மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்தாள். வீட்டுக்கு வந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

"போன வருஷம் உன் பட்டறைக்கு வந்தேன். கொதிகலன் மேல ஒரு பனியன் காயுது. நம்ம வீட்டுல இல்லாத பனியன், நான் தொவைக்காத பனியன். நான் என்ன நெனச்சேன் தெரியுமா?"

"என்ன நெனச்ச?"

"வேற எவளோ இருக்கான்னு நெனச்சேன். ஒரு வருஷமா நெனச்சுக்கிட்டு உன் பக்கத்துல படுத்திருந்தேன்."

ஓட்வார் திகைத்துப்போய், "என்னைக் கேட்டிருக்கலாமே?" என்றான்.

"நீ சொல்லியிருக்கலாமே! கடிக்குதுன்னு ஒரு வார்த்த! நான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன்ன சொறிய வெச்சிருக்கேன்!" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடித்ததும் சொன்னாள்: "இனிமே மலை கிடையாது. குச்சி நட வேற ஆளப் பாத்துக்கட்டும்."

கோடை முழுக்க அந்தப் பேச்சு அப்படியே நின்றது. ஓட்வார் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் சாயங்காலங்களில் வாசலில் நின்று மேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். இலையுதிர்காலத்தில் இங்குனே ஒரு நாள் அவனைக் காரில் ஏற்றிக் கீழே நகரத்துக்கு, அஸ்லாவ் என்ற பெண் நடத்தும் பனிச்சறுக்குச் சாமான் கடைக்குக் கூட்டிப்போனாள்.

"இவனுக்குக் கம்பளி கடிக்கும்," என்று கடை நடுவில் நின்று உரக்கச் சொன்னாள். ஓட்வாருக்குக் காது சிவந்தது.

அஸ்லாவ் தலையைக்கூடத் தூக்கவில்லை. "எந்தக் கம்பளி?"

"எந்தக் கம்பளின்னா? கம்பளிதான்."

"உங்கம்மா பின்னுனது தொடப்பக்கட்ட மாதிரி இருந்திருக்கும். இழை தடியா இருந்தா நுனி தோல்ல குத்தும். மெல்லிசா இருந்தா வளைஞ்சுக்கும். கழுத்தக் காட்டு." மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளியில் செய்த ஒரு சட்டையின் கையை எடுத்து அவன் கழுத்தில் தேய்த்தாள். பிறகு முழங்கை மடிப்பில். "இதப் போட்டுக்கிட்டு மாடிப்படில ஏறி எறங்கு. வேர்க்கட்டும். வேர்க்காம ஒண்ணும் தெரியாது."

அவன் ஏறி இறங்கினான். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கழுத்தில் சிவப்பில்லை. அவனுக்கே நம்ப முடியவில்லை. அதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆனால் அது அவ்வளவு எளிதாக முடியவில்லை. மெரினோ மிருதுதான், ஆனால் மெலிசு. ஊர்ச் சரிவில் இழுத்துப் பழகியபோது சறுக்குவண்டியின் வார்கள் அழுத்திய இடத்தில், டிசம்பருக்குள் தோளில் ஓட்டை விழுந்தது. இடுப்புப் பட்டைக்குக் கீழே இன்னொன்று. அடுத்து செயற்கை இழைச் சட்டை. கடிக்கவில்லை, கிழியவில்லை, இழுத்த இழுப்புக்கு வந்தது. நடக்கும்வரை சூடு, நின்றால் சில்லென்று ஒட்டியது. நாற்றம் வேறு. ஒரு நாள் பயிற்சி முடிந்து துர்டிஸின் காரில் ஏறியவனை அவர் பின் இருக்கைக்கு விரட்டினார்.

"ஜன்னலத் தொற. என் நாயே உன் பக்கத்துல உக்காராது."

மூன்றாவதாக அஸ்லாவ் எடுத்துக் காட்டியதைப் பார்த்து இங்குன் கடையிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள். மெல்லிய கம்பளியில் செய்த வலை. மீன் வலை போலப் பெரிய பெரிய கண்கள். தோள்களில் மட்டும், வார் அழுத்தும் இடத்தில், கெட்டித் துணி தைத்திருந்தது.

"ஓட்டையக் காசு குடுத்து வாங்கணுமா?" என்றான் ஓட்வார்.

"ஓட்டைதான் சூடு," என்றாள் அஸ்லாவ். "ஈரம் அதுவழியா மேல இருக்குற சட்டைக்குப் போயிரும். தோல்மேல காத்துதான் நிக்கும். மேல உங்கம்மா பின்னுன தடிச் சட்டையையே போட்டுக்கோ, அது தோலத் தொடவே தொடாது. ஒடம்போட ஒட்டி இருக்கணும், ஒரு அளவு சின்னதா எடு. முதுகு நீளமா இருக்கணும், குனிஞ்சா வெளிய வரக் கூடாது. தையல் அக்குள்ல இருந்தா வேண்டாம்."

இங்குன் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். "இத நம்பி நான் இவன மலைக்கு அனுப்பணுமா?"

"என்ன நம்பாத. நீயே பாத்துக்கோ."

ஜனவரியில், மூக்குமயிர் உறையும் ஒரு காலையில், இங்குன் அவனை வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவுக்குக் கூட்டிப்போனாள். சறுக்குவண்டியில் விறகை ஏற்றி, அவன் இடுப்பில் கட்டி, உச்சிவரை நிற்காமல் இழுக்கச் சொன்னாள். நான் என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. உச்சியில் காற்று பனியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அவன் தலையிலிருந்து ஆவி எழுந்தது.

"உக்காரு," என்றாள்.

"இங்கயா?"

"இங்கதான். அசையாத. நான் எந்திரின்னு சொல்றவரைக்கும்."

அவன் உட்கார்ந்தான். அவள் எதிரே நின்று அவன் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள்: "பொண்டாட்டி பேரு என்ன?"

"எவ பேரச் சொல்ல?" என்றான் அவன்.

அவள் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, அவனுக்குப் பின்னால் மண்டியிட்டு, சட்டைகளுக்குள் கையைவிட்டு முதுகெலும்பு நெடுகத் தடவினாள். இடுப்பு, விலா, தோள்பட்டைகளுக்கு நடுவே. தடிச் சட்டையின் வெளிப்பக்கம் உறைபனி பூத்திருந்தது. உள்ளே தோல் காய்ந்து, சூடாக, வலையின் தடம் பதிந்து இருந்தது. கையை அங்கேயே வைத்துக்கொண்டு நெற்றியை அவன் முதுகில் சாய்த்துக்கொண்டாள்.

"கடிக்குதா?"

"இல்ல. குளிருது, ஆனா சும்மா சாதாரணக் குளிருதான்."

"ஒரு ஜோடி பத்தாது," என்றாள் இங்குன். "ரெண்டு வாங்கணும்."

குழுவின் கூட்டம் பிப்ரவரியில் நடந்தது. வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டு முடித்ததும் ஓட்வார் எழுந்து நின்றான். அவன் கூட்டத்தில் பேசி யாரும் கேட்டதில்லை. போன வருஷம் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்பதைச் சொன்னான். 'பட்டு இளவரசி'யையும் சேர்த்துச் சொன்னான். சிலர் தரையைப் பார்த்தார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும் அங்கே இருந்தார்கள். பிறகு கோல்பைன், மரம் வெட்டுகிற ஆஜானுபாகுவான மனிதன், தொண்டையைச் செருமினான்.

"எனக்கும் கடிக்கும். நான் உள்ள என் பொண்டாட்டியோட பட்டு ரவிக்கையப் போட்டுக்குவேன்."

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கூரை பிய்த்துக்கொண்டு போகும் அளவுக்குச் சிரிப்பு. கோல்பைனும் சேர்ந்து சிரித்தான். அதன்பின் அரை மணி நேரம் அந்த முரட்டு ஆட்கள் உட்கார்ந்து உள்ளாடையைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

மார்ச்சில் ஓட்வாரும் துர்டிஸும் மறுபடி ஏறினார்கள். விரல் நுனிகளில் உணர்ச்சியில்லாததால் முடிச்சுகளைத் துர்டிஸ் போட, குச்சிகளை அவன் ஊன்றினான். ஏரிக்கு மேலே வந்தபோது வடக்கிலிருந்து காற்று கிளம்பியது. சென்ற ஆண்டு அளவுக்கு இல்லை. குடில் கண்ணுக்குத் தெரிந்தது. துர்டிஸ் தொடர்ந்து போகத் தயாராக இருந்தார்.

"துர்டிஸ், நில்லு."

"என்னடா?"

"எனக்குக் குளிருது. உள்ள இல்ல, கையில. அந்த ரெண்டு வெரலு, நுனிக்குக் கீழ."

துர்டிஸ் சறுக்குக்கட்டைகளைத் திருப்பிக்கொண்டு அவனருகே வந்தார். கிண்டலாக ஏதாவது சொல்வார் என்று அவன் எதிர்பார்த்தான். அவர் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வண்டியிலிருந்து குச்சிக் கட்டை அவிழ்த்து, நாளைக்குக் கண்ணில் படும்படி பனியில் நிமிர்த்தி வைத்தார்.

"போதும் இன்னைக்கு. குடிலுக்குப் போய் அடுப்பப் பத்த வைப்போம். எனக்கும் பசிக்குது."

மீதிக் குச்சிகளை மறுநாள் காற்று நின்றதும் நட்டார்கள். ஈஸ்டர் வாரத்தில் முதல் ஆட்கள் மேடேறியபோது, ஏரியின் இந்தக் கரையிலிருந்து குடிலின் வாசல்வரை வரிசை விட்டுப்போகாமல் நின்றது.